குடிவைத்த வயிறு

தஸ்நேவிஸுக்கு அன்று காலையில் ரசம் குடிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. சந்தேகம் ஆரம்பித்ததும் அந்த இடத்தில்தான்.

அறுபத்தாறு வயது மனிதர், பிறந்ததிலிருந்து ரசத்தைத் தொட்டதில்லை. ரசம் மட்டுமா, குழம்பு, சாம்பார், சோற்றின் மேல் ஊற்றுகிற எதையுமே தொட்டதில்லை. உதிரியாக வடித்த வெள்ளைச் சோறு, தனித் தட்டில் பொரித்த நெத்திலி, சாயங்காலம் ரஸ்க். சோறும் மீனும் ஒன்றோடொன்று பட்டுவிட்டால் தட்டை அப்படியே தள்ளிவிடுவார். தூத்துக்குடி ஐஸ் பிளான்ட்டில் கட்டி தள்ளும் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து வேலையை விட்டு நின்ற காலம் வரைக்கும் தூக்குவாளியில் போனது அந்தச் சோறுதான். அப்படிப்பட்ட ஆளுக்கு, பக்கத்து வீட்டில் யாரோ மிளகு தட்டுகிற வாசனை வந்ததும் எச்சில் ஊறினால் என்ன அர்த்தம்?

"இது எனக்கு ஊறுன எச்சி இல்ல" என்றார்.

தங்கை சிசிலி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டோடு வந்து இருக்கிறவள். அண்ணன் சொல்வது எதுவும் அவளுக்குப் புதுசில்லை.

"பெறகு யாரு எச்சியாம்?"

"உள்ள இருக்குல்லா, அதுகளுக்கு."

"அதுகளுக்கு ரசம் வேணுமாமா?"

"இன்னைக்கு ரசம் கேக்கும். நாளைக்கு வேற கேக்கும். இப்படியே ஒவ்வொண்ணா கேட்டுக் கேட்டு, ஒரு நாளு தஸ்நேவிஸ்னு கூப்பிட்டா உள்ள இருந்து வேற எவனோ திரும்பிப் பாப்பான்."

"யாரு கேட்டா என்ன அண்ணே, குடிக்கது உன் வாய்தான" என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்குத் தனக்கு வைத்திருந்த ரசத்தில் ஒரு தம்ளர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். தஸ்நேவிஸ் தம்ளரைத் தள்ளிவைத்து, வெகுநேரம் அதை ஒரு திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இருக்கிற 'அதுகள்' வேறு ஒன்றுமில்லை. கடற்கரைச் சாலையில் பழைய உப்புக் கிட்டங்கியை இடித்துக் கட்டிய 'இதம்' நிலையத்தில் ஒரு வருடத்துக்கு முன் அவர் குடலுக்குள் குடிவைத்த நுண்ணுயிர்கள். ஊரில் அதற்குக் குடிவைப்பு என்றே பெயர். அவரவர் குடலைச் சோதித்து, அந்தக் குடலுக்கென்றே வளர்த்த உயிர்களை மோர் மாதிரி ஒரு கிண்ணத்தில் கலக்கிக் கொடுப்பார்கள். அதுகள் உள்ளே போய்க் குடித்தனம் நடத்தி, புண்ணை ஆற்றி, தின்றதைச் செரிக்கவைக்கும். ஆனால் அதுகள் சாப்பிடுகிற தீனியைக் கம்பெனிக்காரன்தான் தருவான். வாரம் ஒரு பொட்டலம். தீனி நின்றால் குடியிருப்பவர்கள் கொஞ்ச நாளில் செத்து வெளியே போய்விடுவார்கள், வயிறு பழையபடி ஆகிவிடும். இப்படி ஒரு கயிற்றைக் கட்டி வைத்திருக்கிறவன் நல்லவனாக இருக்க மாட்டான் என்று தஸ்நேவிஸ் முதல் நாளே சொன்னார். சொல்லிவிட்டுத்தான் குடித்தார். அத்தனை வலி.

அவர் வலியும் லேசுப்பட்ட வலி இல்லை. வயிறு வலித்தால் அவருக்கு வயிறு வலிப்பதாகத் தெரியாது. தலைக்கு மேலே ட்யூப்லைட் இரைய ஆரம்பிக்கும். சட்டைக் காலர் கழுத்தை அறுக்கும். யாராவது பேசினால் தரையில் தகரத்தை இழுப்பதுபோல இருக்கும், பேசியவன் மேல் கோபம் வரும். எல்லாம் ஓய்ந்து படுக்கும்போதுதான், ஓ, வயிறு என்று புரியும். நாலைந்து நாள் குடல் கல்லாகக் கிடக்கும். பிறகு ஒரு நாள் மொத்தமாகக் கொட்டி ஆளைக் கிழித்துப் போட்டுவிடும். வீட்டுக் கக்கூஸைத் தவிர வேறு எங்கும் அவரால் போக முடியாது. ஐஸ் பிளான்ட் கக்கூஸின் கதவு தரையைத் தொடாது, உள்ளே உட்கார்ந்தால் வெளியே நடப்பவன் கால் தெரியும், அது போதும், வந்தது திரும்பிப் போய்விடும். அதனால் அடக்குவார். ட்யூப்லைட் கத்தத் தொடங்கினால் ஐஸ் தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் வயிற்றைக் கொடுத்துக் குப்புற அமுங்கி, முன்னும் பின்னும் ஆடுவார். குளிரும் கனமும் சேர்ந்து கொஞ்சம் தாங்கும்.

டாக்டர்மார்களிடம் போனால், "வலிக்கிறவன் மூஞ்சி இப்படியா இருக்கும்? எல்லாம் மனசுல இருக்கு" என்று அனுப்பினார்கள். மனசு டாக்டரிடம் போக அவருக்குத் தலை நரைத்துவிட்டது. அந்த டாக்டர் ஆட்டிசம் என்றார். நல்லது, பெயர் கிடைத்தது. வயிறு அப்படியே இருந்தது. அதற்கப்புறம் எந்த டாக்டரிடம் வயிறு என்று வாயைத் திறந்தாலும், "அது ஆட்டிசத்தோட வர்றதுதான்" என்று சொல்லிக் கதவைக் காட்டினார்கள். முன்னாலாவது சீட்டில் ஏதாவது மருந்து எழுதுவார்கள். பெயர் வந்தபிறகு அதுவும் நின்றது.

இவ்வளவுக்கும் பிறகு குடிவைத்ததும் வலி நின்றது. காலையில் கண் விழித்தால் ட்யூப்லைட் பேசாமல் இருந்தது. அந்த அமைதியை அவர் நம்பவில்லை. எதையோ எடுத்துக்கொண்டு கொடுத்த அமைதி என்றே நினைத்தார். எதை எடுத்தார்கள் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

தீனி வாங்கும் நாள் வந்தது. தஸ்நேவிஸ் நிலையத்துக்குப் போனார்.

அங்கே காத்திருக்கும் கூடத்தில் வெளிச்சம் தணிவாக இருக்கும், மின்விசிறி சத்தம் போடாது, நாற்காலிகள் ஒன்றையொன்று பார்க்காமல் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கும். தன்னைப் போன்றவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று இவ்வளவு தெரிந்து வைத்திருப்பதும் அவருடைய சந்தேகத்தில் ஒன்று. மீனுக்கு என்ன பிடிக்கும் என்று தூண்டில் போடுகிறவனுக்கும் தெரியும்தானே.

பக்கத்தில் ஒரு அம்மாளும் இருபது வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் மடியில் ஒரு டப்பா, அது நிறைய உரித்த மாதுளை முத்து. ஒவ்வொரு முத்தையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பிறகு வாயில் போட்டாள். போட்டதும் இரண்டு கையையும் உதறிக்கொண்டு சிரித்தாள். வாயை மூடியபடி ஒரே ஸ்வரத்தில் ஒரு முனகல். ஐஸ் பிளான்ட்டில் கம்ப்ரஸர் சீராக ஓடும்போது கேட்கும் சத்தம்போல அது தஸ்நேவிஸுக்கு இதமாக இருந்தது.

அம்மாள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்கதான அந்த ஐஸ் பிளான்ட் அண்ணாச்சி?"

"எந்த ஐஸ் பிளான்ட் அண்ணாச்சி?"

"படத்துல வருவீங்கள்லா."

"என்ன படம்?"

அவள் போனை எடுத்து நீட்டினாள். தஸ்நேவிஸ் பார்த்தார். முதலில் ஒரு ஆள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் குப்புறக் கிடந்து ஆடிக்கொண்டிருக்கிறான். யாரோ ஏதோ கேட்கிறார்கள், பதில் சொல்லவில்லை. அடுத்து, அதே ஆள் நாலு பேரோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு என்னமோ சொல்கிறான். கீழே எழுத்து ஓடியது. எழுத்துக் கூட்டிப் படித்தார். 'மௌனத்தில் இருந்தவர் பேசுகிறார்.'

"இத எப்ப எடுத்தான் இவன்?" என்றார். முதல் படம் குடிவைப்பதற்கு முன் சோதனைக்காக அவரை இங்கே தங்கவைத்த நாட்களில் எடுத்தது. புது இடம், புதுக் கக்கூஸ், தங்கிய நாள் முழுக்க அடக்கிக்கொண்டு கிடந்தார். பேச எங்கே முடிந்தது?

"உங்களுக்கு எத்தன மாசத்துல பேச்சு வந்திச்சு அண்ணாச்சி?" அம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஒண்ணர வயசுல."

"வெளையாடாதீங்க."

"எனக்கு வெளையாடத் தெரியாது."

அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். அவள் பெயர் முத்துக்கனி. ஆறுமுகநேரிப் பக்கம். மகள் மேகலா. மேகலா பிறந்ததிலிருந்து பேசியதில்லை. அவளுக்கும் இங்கேதான் குடிவைத்திருக்கிறது, எட்டு மாதம் ஆகிறது.

"வயிறு எப்படி இருக்கு பிள்ளைக்கு?"

"வயிறு நல்லாத்தான் இருக்கு. முன்ன கையக் கடிச்சுக் கடிச்சு ரத்தம் வரும், இப்ப கடிக்கது இல்ல. மாதுளைன்னா உசுரு. பழம் உரிச்சு எனக்கு நகமெல்லாம் கறுத்துப் போச்சு. ஆனா பேச்சுத்தான் வரல அண்ணாச்சி. உங்களுக்கு வந்த மாதிரி."

"எனக்கு வரல. எங்கிட்ட இருந்திச்சு."

முத்துக்கனி அதைக் காதில் வாங்கவில்லை. "ஒண்ணு சொல்லட்டா? யார்ட்டயும் சொன்னது இல்ல. முன்ன இவளுக்கு வயிறு வலிச்சா என் கைய எடுத்து அவ வயித்து மேல வச்சுக்கிடுவா. அழ மாட்டா, கத்த மாட்டா. கைய எடுத்து வைப்பா, அவ்வளவுதான். இருவது வருசத்துல எங்கிட்ட அவ சொன்னது அது ஒண்ணுதான். இப்ப வலி இல்ல. கையும் எடுக்கது இல்ல." டப்பாவையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "வலி போனது நல்லதுதான். நான் பாவி, அந்தக் கைய நெனச்சு ஏங்குதேன்."

தஸ்நேவிஸ் சுவரைப் பார்த்தார்.

"அதான் அடுத்ததுக்கு எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள் முத்துக்கனி. "முழுக் குடிபெயர்ப்பு. உள்ள இருக்க எல்லாத்தயும் கழுவி எடுத்துட்டு, மொத்தமாப் புதுசா வைப்பாங்களாம். அடைச்ச ரூம்புல இருக்கணும். பேச்சு வரும்னு கம்பெனி ஆளு சொன்னாரு. நாளைக்கு அரசாங்கத்துல இருந்து ஆள் வராங்க. நீங்க பேசுததப் பாத்துட்டுத்தான் அனுமதி குடுப்பாங்களாம். நல்லாப் பேசுங்க அண்ணாச்சி, என்ன?"

மேகலா எழுந்து வந்தாள். தஸ்நேவிஸின் முகத்தைப் பார்க்காமல், அவர் நாற்காலிக் கைப்பிடியின் மேல் வரிசையாக ஐந்தாறு மாதுளை முத்துகளை வைத்தாள். ஒன்றோடொன்று படாமல் இடைவெளி விட்டு வைத்தாள். தஸ்நேவிஸ் அவற்றைத் தின்றார்.

டாக்டர் குழலி திருச்சிக்காரி. நாற்பது வயதிருக்கும். அவளுடைய அறைக்குள் போனதும் தஸ்நேவிஸ் உட்காரக்கூட இல்லை.

"ரசம் எனக்கு வேணுமா, அதுகளுக்கு வேணுமா?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கவில்லை. அது ஒன்றுதான் அவளிடம் அவருக்குப் பிடித்தது. "அதுகளுக்கு நாக்கு கிடையாதுங்க ஐயா. மிளகு, புளி எல்லாம் முன்னாடி உங்க குடல்புண்ணுல போய் எரிஞ்சிருக்கும். எது எரிஞ்சுதுன்னு தெரியாம எல்லாத்தையும் ஒதுக்கியிருப்பீங்க. இப்ப புண் இல்ல. ஆசை உங்களோடதுதான்."

"அப்ப சோறும் மீனும் படக் கூடாதுன்னு இன்னமும் தோணுதே?"

"அதுவும் உங்களோடதுதான். அது எதுக்கு மாறணும்?"

தஸ்நேவிஸ் யோசித்தார். பதில் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததே அவருக்குச் சரியாகப் படவில்லை. "அப்ப படத்துல ஏன் நான் மாறிட்டேன்னு போட்டிருக்கு?"

டாக்டர் கூரையின் மூலையை ஒரு தரம் பார்த்தாள். அங்கே கறுப்பாக ஒரு கண்ணாடி முட்டை, கேமரா. "வாங்க ஐயா, தீனி ஸ்டோர்ல இருக்கு, எடுத்துத் தர்றேன்" என்று எழுந்து நடந்தாள். ஸ்டோரைத் தாண்டி ஜெனரேட்டர் ஓடுகிற கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காது கிழிகிற சத்தம். ஆனால் வயிறு நன்றாக இருந்ததால் அவருக்குத் தாங்க முடிந்தது.

"நீங்க தொட்டி விளிம்புல ஆடுனது வயித்து வலிக்காக" என்று அவர் காதருகில் சொன்னாள். "அது எனக்குத் தெரியும். இங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா மதிப்பெண் போடுற முறையில அதுக்குப் பேரு 'தொடர் அசைவு'. வலி போச்சு, அசைவு போச்சு, மதிப்பெண் மாறிடுச்சு. பதில் சொல்லாம இருந்தது, சாப்பாட்டத் தள்ளுனது, கோவப்பட்டது, எல்லாம் அதே கதைதான். கூட்டிப் பாத்தா ஆட்டிசம் பாதி போயிடுச்சுன்னு வருது."

"போகலியே."

"போகல. போகவும் போகாது. நான் இத வயித்துக்காகத்தான் உண்டாக்கினேன். ஆட்டிசம் இருக்கவங்க வயித்துக்கு மருந்துன்னு சொன்னா எவனும் வாசல்ல நிக்கவிடல ஐயா. ஆட்டிசத்துக்கே மருந்துன்னு இவங்க பேர மாத்தினாங்க. கட்டடம் எழும்பிடுச்சு. நானும் வாய மூடிட்டேன். வயிறு சரியாகுதுல்ல, பேரு எதுவா இருந்தா என்னன்னு."

"அந்தப் பிள்ளைக்கு, முழுசாக் கழுவி எடுத்தா பேச்சு வருமா?"

"வராது."

"வேற என்ன ஆவும்?"

டாக்டர் இன்னும் கிட்டே வந்தாள். "சில பேருக்குப் புதுசு பிடிக்காது. பழசும் திரும்பி வராது. அப்புறம் வாயால எதையும் சாப்பிட முடியாது. குழாய் வழியாத்தான், காலம் பூரா. வேற ஊர்ல நடந்திருக்கு. வெளிய சொல்லல."

"அந்த அம்மாட்ட சொன்னியளா?"

"அவங்ககிட்ட நான் பேசக் கூடாதுன்னு உத்தரவு."

"எங்கிட்ட மட்டும் எதுக்குச் சொல்லுதீய?"

டாக்டர் தீனிப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள். "நாளைக்கு அனுமதி கிடைக்கலன்னா இந்த நிலையத்தையே மூடிருவாங்க. இதுவும் நின்னுடும். உங்களுக்கு, மேகலாவுக்கு, எல்லாருக்கும். அதையும் தெரிஞ்சுக்குங்க."

"ஆக, என் வயிறு நல்லா இருக்கணும்னா, நான் இத்தன நாளும் ஆளே இல்லாம இருந்தேன், நீங்க வந்து என்னய ஆளாக்குனீங்கன்னு நான் சொல்லணும்."

"ஆமா" என்றாள் டாக்டர்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தஸ்நேவிஸ் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கம்பெனிக்காரன் திருடன், அது முதலிலேயே தெரிந்ததுதான். இவள் யார்? உண்மையைச் சொல்கிறவள் ஜெனரேட்டர் கொட்டகையில் வைத்து ஏன் சொல்கிறாள்? தன் வாயால் சொல்ல வேண்டியதை ஒரு கிழவன் வாயில் திணித்துவிட்டுப் போகிறாளோ? அப்படித்தான் இருக்கும். ஆனால் அதற்காக அவள் சொன்னது பொய்யாகிவிடுமா?

மறுநாள் நிலையத்தின் பெரிய அறையில் மூன்று பேர் கொண்ட அரசுக் குழு உட்கார்ந்திருந்தது. நடுவில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், இரண்டு பக்கமும் ஒரு அம்மாளும் ஒரு இளைஞனும். எதிரே கம்பெனி ஆள், மூலையில் டாக்டர் குழலி. அடுத்ததாகப் பார்க்க வேண்டிய ஆட்கள் என்று முத்துக்கனியையும் மேகலாவையும் சுவரோரம் உட்காரவைத்திருந்தார்கள்.

"மருந்துக்கு முன்னாடி எப்படி இருந்தீங்க ஐயா?" பெரியவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"வயிறு வலிச்சிச்சு."

"இப்ப?"

"வலிக்கல."

"வேற என்ன மாற்றம்?"

"ஒண்ணும் இல்ல. நான் முன்னயும் இப்படித்தான் பேசுவேன். அந்தப் படம் பொய்யி."

அறையில் கொஞ்சம் சலசலப்பு. தஸ்நேவிஸுக்கு நிம்மதியாக இருந்தது. வந்த வேலை முடிந்தது என்று நினைத்தார். ஆனால் கம்பெனி ஆள் முகம் வாடவில்லை, மலர்ந்துவிட்டது.

"கவனிச்சீங்களா சார்? ஒரு வருஷம் முன்னாடி இவர் புது ஆட்கள் முன்னால வாயத் தொறந்தது இல்ல. இன்னைக்கு எதிர்த்தே பேசுறாரு. என்ன தெளிவு பாருங்க."

பெரியவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டாள்.

"தெளிவு இல்ல. வயிறு வலிக்காததுனால பேசுதேன்" என்றார் தஸ்நேவிஸ். "அந்தப் பிள்ளைய அந்த ரூம்புக்கு அனுப்பாதீங்க. குழாய்தான் மிஞ்சும்."

"அடுத்தவங்க மேல அக்கறை" என்றான் கம்பெனி ஆள், சன்னமான குரலில். "சோதனையில இதுல அவர் முன்னாடி வாங்கினது பூஜ்யம் சார்."

அம்மாள் மறுபடியும் குறித்தாள். 'குழாய்' என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு, பேரப்பிள்ளை நன்றாகப் பாட்டுப் பாடியதுபோலத் தஸ்நேவிஸைப் பார்த்துச் சிரித்தார். சுவரோரம் முத்துக்கனி இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டபடி அவரையே பார்த்தாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவள் காதில் ஏறவில்லை. அவர் வாய் அசைவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மேகலாவும் ஒரு நாள் இப்படி அசைப்பாள் என்று.

தஸ்நேவிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் என்ன பேசினாலும், பேசுவதே இவர்களுக்குச் சாட்சி. மருந்து பொய் என்று எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாரோ அவ்வளவுக்கு மருந்து மெய்யாகிறது. வலித்தபோது வயிறு என்று சொன்னார், மனசு என்றார்கள். இப்போது வயிறு என்று சொல்கிறார், மனசு சரியாகிவிட்டது என்கிறார்கள். அவர் வாயிலிருந்து வந்ததை ஒரு காலத்திலும் யாரும் எடுத்துக்கொண்டதில்லை. அவர்கள் பார்த்தது எல்லாம் உடம்பு ஆடுகிறதா நிற்கிறதா என்பதை மட்டும்தான்.

எதிரே மேஜை இருந்தது. கனமான மேஜை, விளிம்பு கூராக இருந்தது.

காலையில் கண் விழிக்கும்போது ட்யூப்லைட் பேசாமல் இருக்கிற அந்த நேரத்தை நினைத்தார். படுக்கையில் கொஞ்சம் கூடுதலாகக் கிடப்பார், யார் மேலும் கோபம் இல்லாமல். சிசிலி பாத்திரம் கழுவுகிற சத்தம் வெறும் பாத்திரம் கழுவுகிற சத்தமாக இருக்கும். அறுபத்தைந்து வருடத்துக்குப் பிறகு கிடைத்தது. இன்னும் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

மேகலா சுவரோரத்தில் ஒரு மாதுளை முத்தை வெளிச்சத்துக்குத் தூக்கினாள்.

தஸ்நேவிஸ் எழுந்தார். மேஜைக்குப் போய், விளிம்பில் வயிற்றைக் கொடுத்து, குப்புற அமுங்கினார். முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினார்.

"ஐயா, என்ன ஆச்சு?" என்றார் பெரியவர்.

அவர் நிமிரவில்லை. வலிக்கிற வயிற்றுக்கு அந்த விளிம்பு மருந்தாக இருக்கும். வலிக்காத வயிற்றில் அது வெறும் மரக்கட்டை, விலாவில் இடித்தது. இடித்தால் இடிக்கட்டும் என்று ஆடினார். கம்பெனி ஆள் வந்து தோளைத் தொட்டான், அவன் கையைத் தட்டிவிட்டார். டீ கொண்டுவந்து வைத்தார்கள், தள்ளிவிட்டார். தம்ளர் உருண்டு காகிதங்களின் மேல் கொட்டியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், கை தட்டிப் பார்த்தார்கள், விளக்கை அணைத்துப் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மாள் குறித்துக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை அவள் பேனா வேறு பக்கமாக ஓடியது. ஓரக்கண்ணால் பார்த்தபோது டாக்டர் குழலி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முத்துக்கனியின் கும்பிட்ட கை மெல்லக் கீழே இறங்கியது.

குணம் நிலைக்கவில்லை, பழைய நிலை திரும்புகிறது, அடுத்த கட்டத்துக்கு அனுமதி இல்லை என்று குழு எழுதிவிட்டது. நிலையம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. தீனி நின்றது. டாக்டர் குழலி ஊரைவிட்டுப் போகும்முன் ஒரு தடவை வாசலில் வந்து நின்றாள். வயிற்று மருந்து என்றே அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருப்பதாகவும், அது வர வருடக்கணக்காகும் என்றும் சொன்னாள். "எழுதுங்க" என்றார் தஸ்நேவிஸ். அவள் தன்னை வைத்துக் காரியத்தை முடித்துக்கொண்டாளோ என்ற சந்தேகம் அவருக்கு அப்போதும் போகவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை.

குடியிருந்தவை ஒவ்வொன்றாகச் செத்தன. முதலில் புளிப்பு எரிந்தது. பிறகு குடல் கல்லானது. பிறகு ஒரு நாள் காலையில் தலைக்கு மேல் இரைச்சல் கேட்டது, அண்ணாந்து பார்த்தால் ட்யூப்லைட்டைப் போடவே இல்லை.

"நீயா வேணும்னு செஞ்சியா அண்ணே?" என்று சிசிலி கேட்டாள். அவளிடம்கூட அவர் சொல்லவில்லை. சொன்னால் யாரிடமாவது சொல்லுவாள்.

ஒரு நாள் மத்தியானம் முத்துக்கனி வந்தாள். கூடவே மேகலா. மேகலாவின் வலது கையில் மணிக்கட்டுக்கு மேல் துணி சுற்றியிருந்தது. தஸ்நேவிஸ் தலையணையை வயிற்றில் வைத்து அமுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தத் துணியைப் பார்த்ததும் அவர் கண் அதிலேயே நின்றது.

"பாத்தீரா?" என்றாள் முத்துக்கனி. 'அண்ணாச்சி' என்ற அழைப்பு போய்விட்டது. "மறுபடியும் கடிக்கா. மாதுளை தொட மாட்டேங்கா. நல்லா இருந்த பிள்ள."

சிசிலி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லும். அன்னைக்கு மேசையில போயி விழுந்தீரே, உமக்கு வலிச்சுதா?"

தஸ்நேவிஸ் வாயைத் திறந்தார். அந்தக் கைத்துணி அவரைச் சும்மா விடவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்போல இருந்தது. "முழுசாக் கழுவி எடுத்தா குழாய்தான் மிஞ்சும்னு அந்த டாக்டரம்மா…" என்று ஆரம்பித்தார்.

"எங்கிட்ட ஒருத்தரும் அப்படிச் சொல்லலியே. உமக்கு மட்டும் எப்படிச் சொன்னாவ? அத விடும். வலிச்சுதா, வலிக்கலியா? கம்பெனி ஆளு போன வாரம் வீட்டுக்கு வந்தாரு. நீரு வேணும்னுதான் செஞ்சீருன்னு அவருக்குச் சந்தேகம். நீரு உம்ம வாயால சொன்னா மறுபடி எல்லாம் ஆரம்பிக்கலாமாம். தீனியும் வருமாம், உமக்கும் சேத்து."

அப்போதுதான் பார்த்தார். அவள் மடியில் போன் நிமிர்ந்து நின்றது. அதன் கண்ணாடி அவரைப் பார்த்தது. ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி, படம் ஓடிக்கொண்டிருந்தது.

தஸ்நேவிஸ் வாயை மூடினார்.

ட்யூப்லைட் இரைந்தது. காலர் அறுத்தது. வலிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரைச்சல் நின்றுவிடும். மேகலா கையைக் கடிக்க மாட்டாள். அடைத்த அறையின் கதவும் திறந்துவிடும். வலித்தது என்று சொன்னாலும் ஆபத்துதான், பேசுகிறான் பார் என்பார்கள். அந்தச் சிவப்புப் புள்ளிக்கு அவர் கொடுக்கக்கூடிய எதுவும் அந்தப் பெண்ணுக்கு நல்லதாக முடியாது.

"சொல்லும்" என்றாள் முத்துக்கனி.

அவர் சுவரைப் பார்த்தார்.

"ஒரே ஒரு வார்த்த. ஆமான்னோ இல்லன்னோ." அவள் குரல் உடைந்தது. கோபம் வடிந்து, கெஞ்சல் வந்தது. வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கெஞ்சல். "ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி. இங்க பாருங்க. என் மூஞ்சியப் பாருங்க. ஒரு வார்த்ததான கேக்கேன்."

தலையணையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு தஸ்நேவிஸ் முன்னும் பின்னும் ஆடினார். இந்தத் தடவை நிஜமாகவே வலித்தது.

எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ, மேகலா எழுந்தாள். அம்மாவின் மடியிலிருந்த போனை எடுத்தாள். பையின் ஜிப்பை இழுத்துத் திறந்து, போனைக் கவிழ்த்து உள்ளே வைத்து, ஜிப்பை மூடினாள். பையைத் தூக்கி அம்மாவின் தோளில் மாட்டிவிட்டாள். பிறகு வாசலுக்குப் போய், செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.

"இருடி, அவரு இன்னும் ஒண்ணும் சொல்லல…" என்று ஆரம்பித்த முத்துக்கனி பாதியில் நின்றாள். தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். வாசலில் நின்ற மகளின் முதுகைப் பார்த்தாள். மறுபடி பையைப் பார்த்தாள், முன்பு மகள் எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்ட தன் கையைப் பார்ப்பதுபோல.

அவள் மெதுவாக எழுந்து போய் மகளுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு காலில் செருப்பை நுழைத்தாள். இன்னொரு செருப்பு எங்கே என்று காலால் துழாவிக்கொண்டிருந்தாள், கண் மட்டும் மகளின் முகத்தைவிட்டு அகலவில்லை.